ஹெல்மெற் கழற்றாத ஆள்

சந்தேகம் பிடித்த புருசன்மாரைப் படியேறும் சத்தத்திலேயே எனக்குத் தெரியும். இரண்டு படி ஏறுவார்கள். நிற்பார்கள். தெருவில் தெரிந்தவன் எவனாவது பார்க்கிறானா என்று திரும்பிப் பார்ப்பார்கள். பிறகு மிச்சப் படிகளை ஒரே ஓட்டமாக ஓடி முடிப்பார்கள். வெள்ளிக்கிழமை காலை ஒன்பதரைக்கு அப்படி ஒரு சத்தம் கேட்டது.

"அக்கா, ஒரு சந்தேகம் மேலை வருது," என்றேன்.

"வரட்டும். நேற்று முழுக்க ஈ கூட வரேல்லை," என்றார் மேர்சி அக்கா, தலையை நிமிர்த்தாமல்.

மேர்சி அக்கா குருநகர்க்காரி. ஐம்பத்திரண்டு வயது. இருபது வருடம் காப்புறுதிக் கொம்பனி ஒன்றில் விபத்துக் கதைகளில் எது பொய் என்று பிரித்தெடுத்தவர். இப்போது ஆஸ்பத்திரி வீதியில் போட்டோக் கொப்பிக் கடைக்கு மேலே விசாரணை நிலையம் நடத்துகிறார். வருகிற வேலையில் முக்கால்வாசி வெளிநாட்டு மாப்பிள்ளைகள். அவர்கள் அனுப்பும் விபரத் தாளில் 'சொந்த வீடு', 'மதுப் பழக்கம் இல்லை' என்ற வரிகளுக்குப் பக்கத்தில் சிவப்புப் பேனையால் 'பொய்' என்று எழுதுவது என் வேலை. நான் வாகீசன், உதவியாளன். அந்தப் பேனை ஒழுகும். அதை மாற்றச் சொல்லிச் சொல்லி அக்காவுக்கு அலுத்துவிட்டது.

சந்தேகம் பிடித்தவர்களை நான் கேலி செய்வதற்கு ஒரு காரணம் உண்டு. நானும் அந்தக் கூட்டம்தான். என் மனைவி ஆரபி பிரதேச செயலகத்தில் வேலை செய்கிறாள். வெயிலுக்கு என் பழைய சேட்டு ஒன்றை மேலே மாட்டிக்கொண்டு, ஹெல்மெற் போட்டு, காலையில் ஸ்கூட்டியில் போவாள். யாழ்ப்பாணத்தில் ஸ்கூட்டி ஓடும் பெண்களில் பாதிப் பேர் அப்படித்தான் போகிறார்கள். மற்ற வீடுகளில் புருசன்மார் கையைக் காட்டி வழியனுப்புவார்கள். நான் ஸ்கூட்டியின் மீற்றரைப் பார்த்து வைத்துக்கொள்வேன். மாலையில் அவள் முகம் கழுவப் போகும்போது திரும்பவும் பார்ப்பேன். போன புதன்கிழமை பதினொரு கிலோமீற்றர் கூட ஓடியிருந்தது. கேட்டால், "வேலை இருந்தது" என்றாள். அந்தப் பதினொரு கிலோமீற்றரும் இரண்டு நாளாக என் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

கதவைத் தள்ளிக்கொண்டு வந்தவனுக்கு முப்பத்திரண்டு வயதிருக்கும். பெயர் டிலக்ஷன். மானிப்பாயில் கைத்தொலைபேசி திருத்தும் கடை. வலது கையில் கட்டுப் போட்டிருந்தான்.

"ஒருத்தனைக் கண்டுபிடிக்க வேணும் அக்கா. என்ரை மனிசியோடை தொடர்பு வைச்சிருக்கிறவன்."

"பேர்?"

"தெரியாது."

"முகம்?"

"ஹெல்மெற் போட்டிருந்தவன். கழற்றேல்லை."

"நல்லது. ஹெல்மெற் போடாத ஆக்களை முதல் கழிச்சுவிடலாம்," என்றேன். மேர்சி அக்கா என்னைப் பார்த்தார். வாயை மூடினேன்.

டிலக்ஷன் சொன்ன கதை இது. புதன்கிழமை காலை பதினொரு மணிக்கு அவனும் மனைவி தர்சினியும் மோட்டார் சைக்கிளில் கொக்குவில் ரயில் கடவைக்கு வந்திருக்கிறார்கள். கேற் போட்டிருந்தது. பின்னால் இருந்த தர்சினி தொலைபேசியைப் பார்த்துச் சிரித்திருக்கிறாள்.

"ஆற்றை மெசேஜ்?" அக்கா கேட்டார்.

"தங்கச்சியின்ரை எண்டாள்."

"வாங்கிப் பாத்தனீரோ?"

"பாத்தனான். தங்கச்சியின்ரைதான். ஆனா அக்கா, தங்கச்சிக்குச் சிரிக்கிற சிரிப்பில்லை அது."

எனக்கு அது முழுக்க விளங்கியது. விளங்கியதை நினைக்க வெட்கமாக இருந்தது.

"பிறகு?"

"ரெண்டு அடி போட்டனான். பின்னலிலை பிடிச்சு இறக்கினனான். என்ரை மனிசிதானே. அப்ப கேற்றுக்கு அங்காலை இருந்து ஒருத்தன் குனிஞ்சு வந்தான். என்ரை கையைப் பிடிச்சான். 'காணும்' எண்டான். அடிச்சது போதுமெண்டு, ஹெல்மெற்றுக்குள்ளாலை அந்த ஒரு சொல்லுத்தான். ரெயில் போய் முடியும் மட்டும் எனக்கும் அவளுக்கும் நடுவிலை மரம் மாதிரி நிண்டவன். என்ரை கையையும் முறிச்சுப் போட்டான்."

"அங்கை வேறை ஆக்கள் இல்லையோ?"

"முப்பது பேர் நிண்டவை. அவையள் ஒருத்தரும் வரேல்லைத்தானே? ஒரு ஆம்பிளை சும்மா வந்து நடுவிலை நிப்பானோ? உள்ளுக்கை ஏதோ இருந்தாத்தானே வருவான்?"

அந்த இடத்தில் என் தலை தானாக ஆடியது. அக்கா அதைக் கவனித்திருக்க வேண்டும்.

"ரெயில் போனதும் திரும்பி நடந்தான். நான் பின்னாலை எட்டி, தோளுக்குக் கீழை பிடிச்சு இழுத்தன். இதுதான் கையிலை வந்தது." அவன் மேசையில் ஒரு துணித்துண்டை வைத்தான். வெளிர் நீல நிறத்தில் ஒரு சேட்டுப் பொக்கற், தையலோடு பிய்ந்து வந்திருந்தது. அடி மூலையில் சிவப்பாக ஒரு கறை. "கேற் திறந்த உடனை எல்லா வாகனமும் கலந்திட்டுது. மோட்டச்சைக்கிளிலை போன ஒவ்வொருத்தனையும் பாத்தன். ஆளைக் காணேல்லை."

"இரத்தக் கறை அக்கா," என்றேன்.

"இரத்தம் ரெண்டு நாளிலை கறுத்துப் போயிடும் வாகீசன்." அவர் அந்தத் துண்டைக் கையில் எடுத்தார். வழக்கத்தைவிட நீண்ட நேரம் பார்த்தார். பிறகு எழுந்துபோய் யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "உம்மடை மனிசி என்ன சொல்லுறா?"

"தெரியாதாம். ரெண்டு நாளாக் கேக்கிறன், தெரியாது தெரியாது எண்டுதான் சொல்லுறாள். ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் பொறுப்பன். அதுக்குள்ளை நீங்கள் பேரைச் சொல்லுங்கோ. இல்லாட்டி அவளைக்கொண்டு சொல்ல வைக்கிறது எப்பிடியெண்டு எனக்குத் தெரியும்."

அவன் சத்தம் போடவில்லை. கடை திறக்கும் நேரத்தைச் சொல்வதுபோலச் சொன்னான். அதனால்தான் பயமாக இருந்தது.

"தம்பி, இந்தக் கேசை எடுக்கிறன்," என்றார் அக்கா. "ஒரு நிபந்தனை. எங்களிட்டை இருக்கிற ஒரே சாட்சி உம்மடை மனிசி. ஞாயிறு வரைக்கும் அவவிலை நீர் ஒரு விரலும் வைக்கக் கூடாது. கேள்வியும் கேக்கக் கூடாது. சாட்சி குழம்பினா வழக்குக் குழம்பிப் போடும்."

அவன் யோசித்தான். வழக்கு என்ற சொல் அவனுக்குப் பிடித்திருந்தது. "சரி," என்றுவிட்டுப் போனான்.

"ஆளைப் பிடிச்சு இவனிட்டைக் குடுக்கப் போறமோ அக்கா?"

"முதல் பிடிப்பம். இப்போதைக்கு அந்தப் பிள்ளைக்கு ரெண்டு நாள் வாங்கிக் குடுத்திருக்கிறன். வா, பதினொரு மணி ரெயிலுக்கு முந்திக் கொக்குவிலுக்குப் போக வேணும்."

கொக்குவில் கடவையின் ஓரத்தில் வேப்ப மரத்துக்குக் கீழே அருட்பிரகாசத்தார் சைக்கிள் திருத்துகிறார். கேற்றுக்கும் அவருக்கும் பத்தடி தூரம். புதன்கிழமை நடந்தது அவருடைய பம்பிலிருந்து எட்டிப் பிடிக்கிற தூரத்தில்.

"என்ன நடந்தது அண்ணை?" என்று கேட்டேன்.

"எனக்குத் தெரியாது தம்பி. நான் ரியூப்பைத்தான் பாத்துக்கொண்டு இருந்தனான்."

"முப்பது பேர் நிண்டவையாம்."

"அவையள் ரெயில் வருதோ எண்டு பாத்துக்கொண்டு நிண்டவை."

"முப்பது பேருமோ?"

"ரெயில் பிந்தித்தான் வந்தது."

மேர்சி அக்கா ஒரு கட்டையை இழுத்துப்போட்டு அவருக்கு முன்னால் உட்கார்ந்தார். "அண்ணை, உங்களை ஒண்டும் சொல்ல வரேல்லை. ரியூப்பைப் பாக்கேக்கை கண் மேலை போனா என்ன தெரிஞ்சது, அதை மட்டும் சொல்லுங்கோ."

கிழவருக்கு அந்த வழி வசதியாக இருந்தது. "அது ஒரு பாதர் அம்மா."

"பாதரோ?"

"அப்பிடித்தான் சேட்டு. கழுத்து மூடி, முன்னுக்குப் பூட்டுற தெறி ஒண்டுகூட இல்லை. வெறும் துணி. பாதர்மார் போடுறது மாதிரி."

எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. "அக்கா, உங்கடை ஆக்கள்தான். மேற்றிராசனத்திலை பாதர்மாரின்ரை விலாசப் புத்தகம் ஒண்டு எடுத்தா வேலை முடிஞ்சுது."

"எங்கடை பாதர்மாரின்ரை சேட்டுக்கும் முன்னுக்குத் தெறி இருக்குது வாகீசன். நான் ஞாயிற்றுக்கிழமைகளிலை வேறை என்னத்தைப் பாத்துக்கொண்டு இருக்கிறன் எண்டு நினைச்சாய்?"

கேற்றைத் தூக்கி இறக்குகிற கிறிஸ்ரோபர் அதைக் கேட்டுச் சிரித்தார். அவருக்கு ஐம்பது வயது, வெயிலில் கறுத்த முகம். அவர் ஒளிக்கவில்லை. "நான் பாத்தனான். கேற்றுக்குக் கீழாலை பூர வேண்டாம் எண்டு கத்தினதும் நான்தான். ஸ்கூட்டியை அந்தப் பக்கம் விட்டிட்டு வந்தது. பெரிய உயரமில்லை. கேற்றுக்குக் குனிஞ்சதே கொஞ்சம்தான்."

"டிலக்ஷனின்ரை கையை எப்பிடி முறிச்சவர்?"

"முறிச்சதோ? அந்த ஆள் கை ஓங்கவே இல்லை அம்மா. பேசாமல் நிண்டது. புருசன்காரன்தான் ஹெல்மெற்றுக்குக் குத்தினவன். டங் எண்ட சத்தம் என்ரை காவல் பெட்டி வரைக்கும் கேட்டது."

"ஹெல்மெற்றுக்கு எதிரா ஒரு முறைப்பாடு எழுதலாம்," என்றேன். யாரும் சிரிக்கவில்லை.

அக்கா கேட்டார், "நீங்கள் ஏன் கிறிஸ்ரோபர் போகேல்லை?"

அவர் கையால் தண்டவாளத்தைக் காட்டினார். "முந்தி ஒருக்கா இதே இடத்திலை வேறை ஒரு சோடிக்கு நடுவிலை போனனான். அடுத்த நாள் அந்தப் பிள்ளையே வந்து, 'அண்ணை, நீங்கள் வந்ததாலை வீட்டை போய் இன்னும் ரெண்டு மடங்கு வாங்கினன், இனி வராதையுங்கோ' எண்டு சொல்லிப்போட்டுப் போச்சுது. அதுக்குப் பிறகு நான் கேற்றை மட்டும்தான் பாக்கிறது."

அருட்பிரகாசத்தார் ரியூப்பைத் தண்ணீருக்குள் அமுக்கினார். குமிழி வந்தது. அவர் அதைக் கவனிக்கவில்லை.

அக்கா திடீரென்று என் பக்கம் திரும்பினார். "வாகீசன், புதன்கிழமை பதினொரு மணிக்கு நீ எங்கை நிண்டனீ?"

"உங்களுக்கு முன்னாலை. ஒஸ்லோ மாப்பிள்ளையின்ரை தாளிலை 'பொய்' எழுதிக்கொண்டு இருந்தனான்."

"ஓம். எனக்கும் அப்பிடித்தான் ஞாபகம்," என்றார். அந்தக் கேள்வி எனக்குப் பிடிக்கவில்லை. ஏனென்றும் தெரியவில்லை.

சந்தியில் இருந்த குளிர்பானக் கடைக்குள் போய் இருந்தோம். ஆளுக்கொரு சர்பத் வந்தது. அக்கா அந்தப் பொக்கற்றை மேசையில் விரித்தார்.

"டிலக்ஷன் சொன்னதைத் திருப்பிச் சொல்லு. இது எப்பிடி அவன்ரை கையிலை வந்தது?"

"ஆள் திரும்பி நடந்தது. இவன் பின்னாலை தோளுக்குக் கீழை பிடிச்சு இழுத்தான். பொக்கற் பிய்ஞ்சு வந்தது."

"எங்கை இருந்து?"

"முதுகி..." என்று தொடங்கி நிறுத்தினேன்.

"முதுகிலை ஆர் வாகீசன் பொக்கற் தைக்கிறது?"

சர்பத்தை நான் கீழே வைத்தேன். முதுகில் பொக்கற். முன்னால் பொத்தான் இல்லை. கழுத்து மூடியிருந்தது. சேட்டை முன்பின்னாக மாட்டியிருக்கிறார்கள். இரண்டு கையையும் முன்னால் நுழைத்து, பின்னால் மேல் பொத்தானை மட்டும் போட்டுவிட்டால் காற்றும் வெயிலும் நெஞ்சுக்குள் வராது. ஸ்கூட்டியில் போகும் பெண்கள்தான் அப்படி மாட்டுவார்கள். அந்தக் கடையில் இருந்தே பார்த்தேன். ஐந்து நிமிடத்தில் புருசன்மாரின் பழைய சேட்டுகள் நாலு போயின. அதில் ஒன்று முன்பின்.

"பொம்பிளை," என்றேன். "அக்கா, அது பொம்பிளை. இவன் மோட்டச்சைக்கிள் ஆம்பிளையளையே பாத்துக்கொண்டு நிண்டிருக்கிறான், அவ பக்கத்தாலை போயிருக்கிறா. கிழவருக்கும் தெரியேல்லை. தினமும் நூறு பேரைப் பாக்கிறம். ஆனா ஒரு ஆள் நடுவிலை வந்து நிண்ட உடனை எல்லாரும் ஆம்பிளையாக்கிப் போட்டம்."

"நல்லாச் சொன்னாய்." அக்கா கையை நீட்டி, என் நெஞ்சுப் பொக்கற்றில் இருந்த சிவப்புப் பேனையை எடுத்து, மேசையில் கிடந்த பொக்கற்றின் கறைக்குப் பக்கத்தில் வைத்தார்.

நான் குனிந்து என் சேட்டைப் பார்த்தேன். பொக்கற்றின் அடி மூலையில் சிவப்புக் கறை. அதே இடத்தில், அதே அளவில்.

"காலமை பாத்த உடனை உன்ரை சேட்டெண்டு தெரிஞ்சது," என்றார் அக்கா. "முதல் நீயோ எண்டு நினைச்சன். பிறகு, நீ இடையிலை போற ஆளில்லை எண்டு ஞாபகம் வந்தது."

ஆரபி. என் ஆரபி, கேற்றுக்குக் கீழே குனிந்து, ஓடி வரும் ரெயிலுக்கு முன்னால் தண்டவாளத்தைத் தாண்டி, அந்த டிலக்ஷனின் கையைப் பிடித்திருக்கிறாள். வேறு எந்தப் புருசனாக இருந்தாலும் நெஞ்சை நிமிர்த்தியிருப்பான். என் வாயில் முதலில் வந்தது இதுதான்:

"அந்த நேரம் அவவுக்குக் கொக்குவிலிலை என்ன வேலை?"

மேர்சி அக்கா சர்பத்தைக் குடித்து முடித்தார். "டிலக்ஷன் படியிறங்கிப் போய் ரெண்டு மணித்தியாலம்கூட ஆகேல்லை. அதுக்குள்ளை அவன்ரை குரல் உன்னட்டை வந்திட்டுது."

நான் வீட்டுக்குப் போனபோது ஆரபி கிணற்றடியில் ஸ்கூட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பொக்கற்றை இருக்கையில் வைத்தேன். அவள் அதைப் பார்த்தாள். துடைப்பதை நிறுத்தவில்லை.

"நீரோ?"

"ஓம்."

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"சொல்லியிருந்தா முதல் என்ன கேட்டிருப்பியள்?"

என் கண் மீற்றருக்குப் போனது.

"சொல்லுங்கோ. முதல் கேள்வி என்ன?"

"அந்த நேரம் உமக்கு அங்கை என்ன வேலை எண்டு."

"அதுதான் சொல்லேல்லை." அவள் துணியைப் பிழிந்தாள். வலது மணிக்கட்டில் நாலு விரல் தடம் பச்சையாக இருந்தது. மூன்று நாளாக அதே கையால் எனக்குச் சோறு போட்டிருக்கிறாள். மீற்றரைப் பார்த்த நான் கையைப் பார்க்கவில்லை.

"அங்கை எல்லாரும் ஹெல்மெற்றுக்குள்ளை நிண்டவை," என்றாள். "நானும் நிண்டனான். கன நேரம் நிண்டனான். அந்தப் பிள்ளை ஆரையாவது பாத்துக் கத்தியிருந்தா, வேறை ஆராவது போவினம் எண்டு நானும் இருந்திருப்பன். ஆனா அவ ஒருத்தரையும் பாக்கேல்லை. நிலத்தைத்தான் பாத்துக்கொண்டு நிண்டவ. ஒருத்தரும் வரமாட்டினம் எண்டு அவவுக்கு முதலே தெரிஞ்சிருக்கு. அதுதான் எனக்குத் தாங்கேல்லை."

"பதினொரு கிலோமீற்றர்," என்றேன். அந்த நேரத்தில் அதைச் சொல்ல வேண்டும் என்று நான் நினைக்கவேயில்லை. வாய் தானாகச் சொல்லிவிட்டது.

ஆரபி என்னை நிமிர்ந்து பார்த்தாள். "அவையளுக்குப் பின்னாலை மானிப்பாய் வரைக்கும் போனனான். ஒழுங்கை முடக்கிலை அரை மணித்தியாலம் நிண்டனான். சத்தம் ஒண்டும் வரேல்லை. திரும்பி வந்திட்டன். போகவர பதினொண்டு. சரியோ?" பிறகு சொன்னாள், "நீங்கள் மீற்றர் பாக்கிறது எனக்கு ரெண்டு வருசமாத் தெரியும். சில நாள் உங்களுக்கு ஏதாவது கிடைக்கட்டும் எண்டு சந்தியைச் சும்மா ரெண்டு தரம் சுத்திப்போட்டு வருவன்."

அந்த இரண்டு சுற்றுக்காக நான் நித்திரை கொள்ளாத இரவுகள் நினைவுக்கு வந்தன. கோபம் வந்தது. கோபப்படும் உரிமை எனக்கு இல்லை என்பது அதைவிட எரிச்சலாக இருந்தது.

டிலக்ஷன் எங்களிடம் வந்ததையும் அவன் வைத்த ஞாயிற்றுக்கிழமைக் கெடுவையும் சொன்னேன். அவள் கடைசி வரைக்கும் கேட்டாள்.

"அப்ப நான் வந்து ஹெல்மெற்றைக் கழற்றிக் காட்டினா, அந்தப் பிள்ளை மேலை இருக்கிற பழி போகும். அவ்வளவுதானே?"

"அவன் பொல்லாதவன் ஆரபி."

"தெரியும். கையைப் பிடிச்சுப் பாத்தனான்."

ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்குக் கடவைக்கு வரச்சொல்லி டிலக்ஷனுக்கு மேர்சி அக்கா அறிவித்தார். மனைவியையும் கூட்டி வரச் சொன்னார். ஏன் நடுத்தெருவில் என்று கேட்டேன். "நாலு சுவருக்குள்ளை உண்மையைச் சொன்னா, வீட்டை போய் அவன் அதை இல்லையெண்டு ஆக்கிப்போடுவான். முப்பது பேருக்கு முன்னாலை சொல்லுவம்," என்றார்.

கேற் விழுந்தது. இரண்டு பக்கமும் வாகனங்கள் நின்றன. கட்டுப் போட்ட கையோடேயே டிலக்ஷன் மோட்டார் சைக்கிளை வேப்ப மரத்தடிக்கு ஓட்டி வந்தான். தர்சினியை அன்றுதான் முதலில் பார்த்தேன். மெலிந்த, இருபத்தாறு வயதுப் பெண். இறங்கியதும் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"எங்கை அவன்?"

மரத்தின் அந்தப் பக்கமிருந்து ஆரபி வந்தாள். ஹெல்மெற். முன்பின்னாக மாட்டிய வெளிர் நீலச் சேட்டு. முதுகைத் திருப்பிக் காட்டினாள். பொக்கற் இருந்த இடத்தில் நூல் தொங்கியது. பிறகு ஹெல்மெற்றைக் கழற்றினாள்.

அருட்பிரகாசத்தார் எழுந்துவிட்டார். "பாதர் இல்லையோ," என்று யாரையோ கேட்டார்.

தர்சினி அப்போதுதான் தலையை உயர்த்தினாள். ஆரபியை உற்றுப் பார்த்தாள். டிலக்ஷனுக்கு முதலில் சிரிப்பு வந்தது, பிறகு அந்தச் சிரிப்பு எங்கே போவதென்று தெரியாமல் நின்றது. முப்பது பேர் பார்க்க ஒரு பெண் அவனை நிறுத்தியிருக்கிறாள்.

"தம்பி, ஆள் கிடைச்சுது," என்றார் மேர்சி அக்கா. "பேர் ஆரபி. உம்மடை மனிசியை முன்பின் தெரியாது. தொடர்பு எண்டு ஒண்டும் இல்லை. விசாரணை முடிஞ்சுது."

முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன். இரண்டு நாளாக இந்த இடம் வரைக்கும்தான் எங்கள் திட்டம். சந்தேகத்துக்கு ஆம்பிளை இல்லையென்றால் சந்தேகமும் இல்லை என்று நினைத்திருந்தோம். சந்தேகத்தைப் பற்றி எனக்குத் தெரியாததா? அப்படியிருந்தும் நினைத்திருந்தேன்.

டிலக்ஷன் அந்தச் சேட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். "சேட்டு ஆற்றை?"

"என்ரை மனுசன்ரை," என்றாள் ஆரபி.

"மனுசன் ஆர்?"

அவள் என்னைப் பார்த்தாள். அவனும் பார்த்தான். அவன் முகம் மெல்ல மெல்லத் தெளிந்தது. கணக்கு விடை வந்த பிள்ளையின் முகம்.

"அப்ப ஆள் நீதான்," என்றான் என்னிடம். "நீ பின்னாலை நிண்டுகொண்டு மனிசியை அனுப்பியிருக்கிறாய். ஒபீசிலை என்னை இருத்திவைச்சுக் கதை வேறை கேட்டிருக்கிறாய்."

சிரிக்க வேண்டிய விசயம். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் அந்தப் பெண்ணை முதல் தடவை பார்த்து ஐந்து நிமிடம்தான் ஆகிறது. ஆனாலும் குற்றவாளியின் முகம் எப்படி இருக்குமோ அப்படி என் முகம் ஆகிக்கொண்டு வருவது எனக்கே தெரிந்தது. நான் திரும்பி ஆரபியைப் பார்த்தேன். அவள் நம்பிவிடுவாளோ என்று பார்த்தேன்.

"பயப்பிடாதையுங்கோ," என்றாள் அவள் மெதுவாக. "நான் உங்களை ஒண்டும் கேக்கமாட்டன்."

டிலக்ஷன் தர்சினியின் பக்கம் திரும்பினான். "இவனோ? இந்த வழுக்கையனோ? சொல்லடி." கட்டில்லாத இடது கை மேலே போனது.

நான் எப்போது நடந்தேன் என்று எனக்குத் தெரியாது. துணிச்சல் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஆனால் அவனுக்கும் அவளுக்கும் நடுவில் நின்றது நான்தான். ஓங்கிய கை என் கன்னத்தில் விழுந்தது. அதற்கு என்னிடம் ஹெல்மெற் இல்லை.

"நீ ஆரடா அவளுக்கு?" என்றான்.

"ஒருத்தருமில்லை," என்றேன்.

இரண்டாவது அடி வரவில்லை. கிறிஸ்ரோபர் கேற்றை விட்டு வந்து எனக்குப் பக்கத்தில் நின்றார். அருட்பிரகாசத்தார் பம்பைக் கையில் வைத்துக்கொண்டு மற்றப் பக்கம் வந்தார். மோட்டார் சைக்கிளில் இருந்த ஒருவர் ஹெல்மெற்றைக் கழற்றிப் பெற்றோல் தாங்கி மேல் வைத்துவிட்டு இறங்கினார். பிறகு இன்னும் இரண்டு பேர். ஒருவரும் அவனைத் தொடவில்லை. சும்மா நின்றார்கள்.

தர்சினி எங்களுக்குப் பின்னால் இருந்து பேசினாள். குரல் சின்னது, ஆனால் ரெயில் இன்னும் வராததால் எல்லாருக்கும் கேட்டது.

"இவரை எனக்குத் தெரியாது. அந்த அக்காவையும் தெரியாது. மூண்டு வருசமா என்னைத் தெரிஞ்ச ஆக்கள் ஒருத்தரும் வரேல்லை. தெரியாத ஆக்கள்தான் வந்தவை." அவள் மூச்சு வாங்கினாள். "நான் இனி உங்களோடை வரேல்லை."

ரெயில் வந்தது. அது போய் முடியும் வரைக்கும் டிலக்ஷன் ஏதோ கத்திக்கொண்டிருந்தான், எங்களுக்கு வாய் அசைவது மட்டும் தெரிந்தது. சத்தம் ஓய்ந்தபோது அவனைக் கேட்க ஆளில்லை. எல்லாரும் தர்சினியை ஆரபியின் ஸ்கூட்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

"பண்டத்தரிப்பிலை எங்கடை அம்மா வீட்டை கூட்டிக்கொண்டு போறன்," என்றாள் ஆரபி மேர்சி அக்காவிடம். "நாளைக்குப் பொலிசிலை பெண்கள் பிரிவுக்குப் போக வேணும். நீங்களும் வாங்கோ அக்கா. நானும் கொஞ்ச நாள் அங்கைதான் நிப்பன்."

எனக்குக் கன்னம் எரிந்துகொண்டிருந்தது. அவளிடம் ஒரு பாராட்டு எதிர்பார்த்துக் கிட்டப் போனேன் என்பதை ஒளிக்கவில்லை.

"கொஞ்ச நாள் எண்டா எத்தினை நாள்? நீர் எப்ப வருவீர்?"

ஆரபி ஹெல்மெற்றைப் போட்டு வாரை இறுக்கினாள். கண்ணாடியைக் கீழே இறக்க முன் என்னைப் பார்த்தாள்.

"உங்களைக் கேக்கமாட்டன் எண்டு நான் சொன்னன். அப்பிடி ஒண்டும் நீங்கள் எனக்கு இன்னும் சொல்லேல்லை."

சொல்லியிருக்கலாம். 'உம்மைக் கேக்கமாட்டன்' என்ற இரண்டு சொல்தான். மேர்சி அக்காகூட என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் கிறிஸ்ரோபர் போய்க் கேற்றைத் தூக்கிவிட்டார், பின்னால் நின்றவர்கள் ஹோர்ன் அடித்தார்கள், ஸ்கூட்டி தண்டவாளத்தைத் தாண்டிப் போய்விட்டது.